நாலு விரற்கடை

இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல்.
நடுவே பதினொரு ஷட்டர், ஒரு டார்ச், நான்.
மூன்றாவது ஷட்டர் முழுசாய் இறங்காது.
போன புயலிலிருந்தே ஒரு ஜாண் வாய் திறந்து நிற்கிறது.
எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்று தரம்.

இரண்டு சுவரிலும் அளவுகோல் தீட்டியிருக்கிறது.
ஆற்றுப் பக்கம் ஒன்று பத்து.
கடல் பக்கம் ஒன்று முப்பது.
அமாவாசை ஓதம்; அதன் முதுகில் ஏறி வருகிறது வாடை.
இப்போது தூக்கினால் தண்ணீர் போகாது,
வரும்.

இதைத்தான் மாசிலாமணியிடம் போனில்
காற்றுக்கு மேலே கத்திக்கொண்டிருந்தேன்.
"சாவியக் கையில வச்சிக்கிட்டு என்னய்யா பண்ற,
தாளடி நட்டு இருவது நாளு,
நுனி மட்டுந்தான் தெரியுது."
எட்டரைக்கு நுனியும் முழுகியிருக்கும்.
அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஜூலையில் இதே பாலத்தில் வந்து நிற்பார்கள்,
மேட்டூர்த் தண்ணி எங்க வருது என்று.
திருவாரூர் தாண்டிட்டு என்பேன், தாண்டியிருக்காது.
வராத தண்ணீருக்கும் என்னைத்தான் திட்டுவார்கள்,
போகாத தண்ணீருக்கும் என்னைத்தான்.
கடைமடை லஸ்கருக்கு அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

உப்பளத் தெருவிலிருந்து ரெஜினாள்:
"தொறந்துறாதீங்கண்ணே.
அம்பாரம் கரைஞ்சாக் கரையட்டும்.
நாப்பது பேரு பள்ளிக்கூடத்துல கெடக்கோம்,
தரை இப்பவே நசநசங்குது."
அவளிடம் மூன்றாவது ஷட்டரைப் பற்றிச் சொல்லவில்லை.
பதினாறு மணல் மூட்டை இறக்கினேன்.
கடல் ஆறை எடுத்துக்கொண்டு போனது.

ஏ.இ. சார் கடைசியாகச் சொன்னது:
"லெவலப் பாத்து நீயே செய்யி."

மணிக்கொரு தரம் உத்திராபதியும் நானும்
அளவு சொல்லிக்கொள்வோம்.
அவன் வடக்கே, சீர்காழிக்குக் கிழக்கே, ஏழு ஷட்டர்.
திருச்சியில் ஒரே பேட்சில் பயிற்சி; அப்புறம் பார்த்ததேயில்லை.
அவன் மகளுக்குக் கல்யாணம் ஆனதும்
இந்த மாதிரி ஒரு ராத்திரி
எண்களுக்கு நடுவில்தான் தெரிந்தது.
பத்து மணிக்கு அவன் சொன்னான்: ஒன்று நாற்பது.
பதினொன்றுக்கு: ஒன்று அறுபத்தைந்து.
"எழுதிக்க" என்றான், நான் மேலதிகாரி மாதிரி.

பதினொன்றே காலுக்கு இங்கே காற்று நின்றது.
தலையில் கட்டிய துண்டிலிருந்து
சொட்டுவது கேட்டது.
பிறகு திரும்பி அடித்தது, மேற்கிலிருந்து,
அழுகின வைக்கோல் வாசத்தோடு.
எனக்குப் புரிந்துவிட்டது, டி.வி. சொல்ல வேண்டியதில்லை.
கண் வடக்கே ஏறுகிறது.
நமக்குக் கரைக்காற்று.

கடல் பக்கம் ஒன்று பதினைந்து.
ஒன்று ஒன்பது.
ஒன்று மூன்று.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சுவரில் விரலை வைத்துப் பார்த்தேன்.
கடலைவிட ஆறு நாலு விரற்கடை உயரம்.

நாலு விரற்கடை போதும்.
சக்கரத்தில் தொங்கினேன்.
ஓர் அடி தூக்க நூற்றிருபது சுற்று.
ஒவ்வொரு ஷட்டராய், மூன்றாவதை விட்டுவிட்டு.
தண்ணீர் முதலில் யோசித்தது.
அப்புறம் ஆகாயத்தாமரையையும் ஒரு செருப்பையும்
தாளடி நாற்றுகளையும் தூக்கிக்கொண்டு போயிற்று.

ரெஜினாள் திரும்பக் கூப்பிட்டு அழுதாள்.
மாதா கைவிடலண்ணே, கடல் உள்வாங்கிடிச்சி என்றாள்.
ஆமாம் என்றேன்.
வாங்கின கடல் எங்கே போய் நிற்கிறது என்று
அவள் கேட்கவில்லை.
சக்கரம் சுற்றும்போதெல்லாம் ஒரு கெட்ட சந்தோஷம்
தோள்பட்டையில் ஏறிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு.
இன்றைக்கு முதலில் நான்தான் கூப்பிட வேண்டும்.
போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு
ஒன்பதாவது ஷட்டர், எண்பத்தேழாவது சுற்று.
பதிவேட்டில் அவன் அளவுக்கு நான் தனியாய்க்
கோடு போட்டு வைத்த கட்டம் காலி.

ரிங் போகிறது.
உத்திராபதி, இங்க ஒன்று மூணு.
எடுத்தால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
எண்பத்தெட்டு.
ரிங் போகிறது.